இரத்தக்குழாய்த் தசையில் ட்ரோபோனினைத் தேடாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் உயர்தர உயிரியலைத் தமிழில் படித்துவிட்டு, மருத்துவம் படிக்கப் போய் ஆங்கிலத்துக்கு மாறும் பிள்ளைகளுக்கு அவ்வப்போது உடற்றொழிலியல் சொல்லிக் கொடுக்கிறேன். இரத்தக்குழாயின் மழமழப்பான தசை எப்படிச் சுருங்குகிறது என்று கேட்டால், அநேகமானோர் "கல்சியம் ட்ரோபோனினில் ஒட்டும்" என்றே தொடங்குவார்கள். போன கிழமை ஒரு பிள்ளை விடவே இல்லை: "தசை எண்டால் ட்ரோபோனின் இருக்கத்தானே சேர் வேணும்?"

இல்லை. தசை சுருங்குவது, மயோசின் என்ற புரத இழையின் தலைகள் அக்டின் என்ற புரத இழையை இழுப்பதால். அந்த இழுவைக்கான பூட்டு வன்கூட்டுத் தசையில் ட்ரோபோனின் என்ற புரதமாக அக்டின் இழையில் இருக்கிறது, இங்கே மயோசினில். நான்கு கல்சியம் அயன்கள் கல்மொடுலின் என்ற புரதத்தைப் பிடிக்கும். அது போய் லைட் செயின் கைனேஸ் என்ற நொதியத்தை எழுப்பும். அந்த நொதியம், மயோசின் தலையோடு ஒட்டியிருக்கும் 20 கிலோடால்டன் சிறு சங்கிலியில் (லைட் செயின்), 19ஆம் இடத்திலுள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு பொஸ்பேற்றை ஏற்றும். தலை அக்டினை இழுக்கத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். கல்மொடுலினையே நொதியம் என்று எழுதுபவர்களும் உண்டு. வன்கூட்டுத் தசையில் ட்ரோபோனினோடு சேர்ந்திருக்கும் ட்ரோபோமயோசின் இங்கேயும் இருப்பதால் வரும் குழப்பம் வேறு.

இதைவிடப் பெரிய பிழை, பொஸ்பேற்றைக் கழற்றும் பொஸ்பற்றேஸ் என்ற நொதியத்தை மறந்துவிடுவது. வீட்டுத் தண்ணீர்த் தாங்கியை நினைத்துப் பாருங்கள்: பொஸ்பேற்றை ஏற்றும் கைனேஸ் மோட்டர், கழற்றும் பொஸ்பற்றேஸ் கீழ்க்குழாய். மோட்டர் அதே வேகத்தில் ஓடினாலும், கீழ்க்குழாயை இறுக்கினால் தண்ணீர் மட்டம் ஏறும்தானே? ரோ கைனேஸ் என்ற இன்னொரு நொதியம் செய்வது அதைத்தான்: பொஸ்பற்றேஸை அடக்கிவிடும். கல்சியம் கூடாமலே தசை இறுகும். ஆகவே "சுருக்கம் கூடியது, கல்சியம் கூடியிருக்க வேண்டும்" என்று உடனே எழுதிவிடாதீர்கள். பிறஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபின் கல்சியம் உள்ளே வருவதைத் தடுக்கிறது, அதாவது மோட்டரில் கை வைக்கிறது. நைத்திரிக் ஒட்சைட்டோ மோட்டரையும் தணித்து, கீழ்க்குழாயையும் திறந்துவிடும். இந்த இறுக்கத்தைச் சின்ன விஷயமாக எண்ண வேண்டாம்: இரத்தக்குழாயின் ஆரை பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒன்றாகிவிடும்.

பொஸ்பேற்று இறங்கிய பிறகும் விசை அப்படியே நிற்கலாம், மிகக் குறைந்த சக்திச் செலவில். நாள் முழுக்க இறுகியே இருக்க வேண்டிய சுவருக்கு வேறு வழி ஏது?

அப்புறம் கல்டெஸ்மன், கல்போனின் என்ற இரண்டு புரதங்கள். இரண்டும் அக்டினில் ஒட்டி, சோதனைக் குழாயில் மயோசின் சக்திக்காக ஏரீபீ (ATP) உடைக்கும் வேலையைத் தடுக்கும். அதை வைத்து "ட்ரோபோனினுக்குப் பதில் இவை" என்று எழுதுவது அவசரம். பிரதான ஆளி மயோசினில்தான். இவை இரண்டும் அதன்மேல் நுட்பத் திருத்தம் செய்பவை என்பதே என் எண்ணம். கல்போனினுக்குப் பெயர் வைத்தவர்களும் அதை ட்ரோபோனினின் ஒரு கூறான ட்ரோபோனின்-ரீ (T) போன்ற புரதம் என்றே கண்டார்கள், பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன!

ஆய்வுகூடத்தில் கை வைப்பவர்களுக்கு இன்னொன்று. தசைக்குரிய கல்டெஸ்மனின் உண்மையான நிறை 90 கிலோடால்டனை ஒட்டியது. புரதங்களை நிறைப்படி பிரிக்கும் ஜெல்லிலோ அதன் பட்டை 120க்கும் 150க்கும் இடையில் போய் நிற்கும். பிழையான புரதம் என்று எண்ணி அந்த ஜெல்லைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.