பாஞ்சாலங்குறிச்சிக் கல்லறைக் கல்வெட்டைப் படிக்க

கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனி) படையினரின் பழைய கல்லறைகளுக்குக் காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். உச்சி வெயிலில் எழுத்து தெரியாது. சாய்வெயில்தான் குழிந்த கோட்டில் நிழல் விழவைக்கும். வெயில் படாத பக்கத்துக்கு ஓர் அடி உயர முகம்பார்க்கும் கண்ணாடி போதும். அதைக் கல்லின் ஓரத்தில் பிடித்து, வெளிச்சத்தைக் கிடையாக ஓடவிடுங்கள். மங்கலாக நின்ற கோடு திடீரென்று எழுத்தாகிவிடும்.

சாக்பீஸ், மாவு, கம்பி பிரஷ், ஆசிட் எதுவும் கூடாது. சுண்ணாம்புக் காரை ஆசிட் பட்டால் நுரைத்துக் கரையும். சிமெண்டுப் பூச்சு இன்னும் மோசம்: உள் ஈரத்தை அடைத்துவைக்கும், உப்புப் பூத்துக் காரை பொருக்கு பொருக்காக உதிரும். காய்ந்த பெயிண்ட் பிரஷால் தூசியை மட்டும் தட்டுங்கள். கரிசல் மண் மழைக்கு உப்பிக் கோடைக்கு வெடிக்கும். மேடை சாய்வதும் விரிசல் விடுவதும் அதனால்தான். சாய்ந்த கல்லில் கை ஊன்றாதீர்கள்.

வரிக்கு வரி, பிழையோடு அப்படியே எழுதுங்கள். தேதி பாதி அழிந்திருந்தால், பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைமீது கும்பினி நடத்திய தாக்குதல் தோற்ற 1801 மார்ச் 31, கோட்டை விழுந்த அதே ஆண்டு மே 24 இரண்டோடும் ஒப்பிடலாம். ஆனால் ஊகத்தை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். பெயர் பொறித்த கல் பெரும்பாலும் அதிகாரிகளுக்குத்தான். சிப்பாய்களைத் தேடி ஏமாறாதீர்கள்.