வசந்தத்தில் பிராக் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஏப்ரல், மே மாதங்களில் சிறு குழுக்களைச் செக் நாட்டின் தலைநகர் பிராகுக்கு அழைத்துப்போவது என் வேலை. புதிதாக வருகிறவர்கள் இடறும் இடங்கள் வருஷத்துக்கு வருஷம் மாறுவதே இல்லை. பாஸ்போர்ட் நகல், நடக்க ஏற்ற ஷூ, பிக்பாக்கெட் எச்சரிக்கை எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பழைய நகரச் சதுக்கத்தில் யூரோ மாற்றுவது

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்காத விஷயம் இது.

செக் குடியரசு 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தாலும், அங்கே இன்னும் கொருனாதான் பணம். ஒரு கொருனா ஏறத்தாழ நான்கு ரூபாய். நம் ஆட்கள் கையில் யூரோவோடு வந்து இறங்குகிறார்கள். சதுக்கத்துக்குப் போகும் வழியெங்கும் பணமாற்றுக் கடைகள், ‘கமிஷன் இல்லை’ என்று பளிச்சென்ற பலகைகள். கமிஷன் வாங்குவதில்லை என்பது உண்மைதான். கொள்ளை எல்லாம் ரேட்டில் இருக்கிறது. பலகையில் கண்ணில் படும்படி எழுதியிருப்பது பெரும்பாலும் அவர்கள் நமக்கு யூரோவை விற்கும் விலை. நம்மிடம் வாங்கும் விலை பக்கத்துப் பத்தியில் அடக்கமாக இருக்கும். சந்தையில் ஒரு யூரோ 24 கொருனா என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் 19 கொடுத்தால், 200 யூரோவுக்கு 1,000 கொருனா போச்சு. நம் கணக்கில் நாலாயிரம் ரூபாய், இரண்டு நிமிஷத்தில்.

ஒரு முறை கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். மற்றவர்கள் 1410ஆம் ஆண்டின் வானியல் கடிகாரத்தின் முன்னால், மணி அடிக்கும்போது ஜன்னலில் அப்போஸ்தலர் பொம்மைகள் வருவதைப் பார்க்கக் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். இவர் மட்டும் போய்ப் பணம் மாற்றிக்கொண்டு வந்தார். நோட்டுகளை இரண்டாம் முறை எண்ணும்போதே முகம் மாறிவிட்டது. ரசீதை வாங்கிப் பார்த்தேன். “பரவாயில்லை தம்பி, விடுங்க. ஊர்ப் பழக்கம் தெரியல” என்றார். ஏமாற்றியவர் கூசாமல் உட்கார்ந்திருக்க, ஏமாந்தவர் கூசுகிறாரே, அதுதான் என்னால் தாங்க முடியாதது.

விடவில்லை. 2019 ஏப்ரல் 1 முதல் அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. 1,000 யூரோ மதிப்பு வரை மாற்றிய பணத்தை, மூன்று மணி நேரத்துக்குள் அதே கடையில் திருப்பிக் கொடுத்து நம் பணத்தைக் கேட்டு வாங்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ரசீதோடு போய்க் கேட்டோம். கவுண்டரில் இருந்தவர் முதலில் கையை விரித்தார், சட்டத்தைச் சொன்னதும் பேசாமல் 200 யூரோவை எடுத்து வைத்தார். ஆகவே ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். அதைவிட, மாற்றுவதற்கு முன்பே ‘இந்த யூரோவுக்கு என் கைக்கு எத்தனை கொருனா வரும்’ என்று கேட்டு, எண்ணைக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

‘சரி, ஏடிஎம்மில் எடுத்துக்கொள்கிறேன்’ என்கிறவர்களுக்கும் அதே பொறி வேறு உருவில் காத்திருக்கிறது. நினைவுப்பொருள் கடைகளுக்கு நடுவே தனியாக நிற்கும் இயந்திரங்கள் முதலில் பெரிய தொகைகளையே காட்டும். அப்புறம், ‘உங்கள் கணக்கில் ரூபாயிலேயே கழிக்கட்டுமா?’ என்று கேட்கும். பழகிய ரூபாயைப் பார்த்ததும் மனசு தைரியமாகி, கை ‘சரி’யை அழுத்திவிடும். அந்த மாற்று விகிதம் இயந்திரக்காரர் வைத்தது, நம் வங்கியுடையது அல்ல. மாற்றம் வேண்டாம், கொருனாவிலேயே கழி என்பதைத்தான் அழுத்த வேண்டும். ஓட்டலில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும், பதிலும் இதேதான். பணம் எடுக்க வங்கிக் கிளையின் சுவரில் இருக்கும் ஏடிஎம்மைத் தேடிப் போங்கள்.

இந்தியக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். ரிசர்வ் வங்கி 2020இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. கிளம்புமுன் வீட்டிலேயே வங்கிச் செயலியில் திறந்துவிடுங்கள். அங்கே போய் ஓடிபிக்குக் காத்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

தெருவில் பணம் மாற்றித் தருகிறேன் என்று வருகிறவர்

நிற்காமல் நடங்கள். கைக்கு வருவது வேறு நாட்டின் செல்லாத நோட்டாக இருக்கும்.

சந்தையில் விலையை மட்டும் பார்ப்பது

சதுக்கத்தில் தீயில் வாட்டி விற்கும் பன்றித்தொடைக் கறியின் விலை 100 கிராமுக்கு. வெட்டி வைப்பவர் 100 கிராமோடு நிறுத்த மாட்டார். தட்டு கைக்கு வந்த பிறகு பேசிப் பயனில்லை, எவ்வளவு வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காகித டிக்கெட்டை முத்திரையிடாமல் பையில் வைப்பது

வாங்கினால் மட்டும் போதாது. டிராமுக்குள்ளும் மெட்ரோ வாசலிலும் இருக்கும் மஞ்சள் பெட்டியில் ஒரு முறை செருகி முத்திரை குத்த வேண்டும். பரிசோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள். ‘தெரியாது’ என்றாலும் அபராதம் உண்டு.

டிராம் நமக்காக நிற்கும் என்று நினைப்பது

நிற்காது. ஜீப்ரா கோட்டிலும் டிராமுக்கே முன்னுரிமை.

ஏப்ரல் வெயிலை நம்புவது

மார்ச்சில் அடுப்புக்குப் பின்னால் ஒடுங்குவோம், ஏப்ரலிலும் அங்கேதான் இருப்போம் என்பது செக்காரர்களின் பழமொழி. ஒரே நாளில் வெயில், மழை, ஆலங்கட்டி மூன்றும் வரும்.

ஈஸ்டரைச் சுற்றியே பயணத்தை வைப்பது

சந்தை, வண்ணமுட்டை, பின்னிய வில்லோ மரக் குச்சிகள் எல்லாம் அழகுதான். ஆனால் புனித வெள்ளியும் ஈஸ்டர் திங்களும் அரசு விடுமுறை. திங்களன்று 200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகளைச் சட்டப்படி மூடிவிடுவார்கள், குழந்தைக்குப் பாலும் பிஸ்கட்டும் முந்தின நாளே வாங்கி வையுங்கள். யூத அருங்காட்சியகத்தின் ஜெப ஆலயங்கள் சனிக்கிழமையும் யூதப் பண்டிகைகளிலும் மூடியிருக்கும். யூதர்களின் பாஸ்கா பண்டிகை பெரும்பாலும் ஈஸ்டரை ஒட்டியே வரும்.

என்னைக் கேட்டால், ஏப்ரல் கடைசி வாரம்தான். பெட்ஷீன் குன்றில் செர்ரி பூத்திருக்கும். மே 1 அன்று காதலர்கள் அங்கே கவிஞர் மாஹாவின் சிலைக்குப் பூ வைத்துவிட்டு, பூத்த மரத்தடியில் முத்தமிட்டுக்கொள்வது ஊர் வழக்கம்.

சார்லஸ் பாலத்துக்குப் பதினொரு மணிக்குப் போவது

1357இல் கட்டத் தொடங்கிய பாலம், 516 மீட்டர் நீளம், இரு பக்கமும் 30 சிலைத் தொகுதிகள். பகலில் தெரிவது முதுகுகள் மட்டுமே. காலை ஆறு மணிக்குப் போங்கள். திரும்பும்போது பழைய நகரப் பக்கத்தில் சில நிமிஷம் நடந்தால், சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலக் கட்டடம் வரும். தமிழறிஞர் கமில் சுவலபில் படித்ததும் கற்பித்ததும் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான். நம் ஆட்களை நான் தவறாமல் அந்த வாசலில் நிறுத்திக் காட்டுவேன்.

ஞாயிறு காலையில் கோட்டை

கோட்டைக்குள் இருக்கும், 1344இல் தொடங்கி 1929இல்தான் கட்டி முடித்த புனித வீட்டஸ் பேராலயம், ஞாயிறு காலையில் வழிபாட்டுக்கு மட்டும். சுற்றிப் பார்க்கப் பகல் 12 மணிக்கு மேல் விடுவார்கள். சீக்கிரம் போய்விட்டால் 22ஆம் எண் டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே அரச தோட்டம் இருக்கிறது. ஏப்ரலில் திறந்துவிடுவார்கள், கட்டணமும் கிடையாது.