ரசீது வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு: ஸ்டேஷனில் நாம் செய்யும் தவறுகள்

என் மச்சானுக்குப் பாம்பனில் ஒரு வள்ளம். கரையில் ஏற்றிப் போட்டிருந்தபோது ஒரு ராத்திரியில் என்ஜினைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டேஷனில் மனு கொடுத்தார், ரசீது தந்தார்கள். நான்கு மாதம் அதை பைபிளுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, “கேஸ் போட்டாச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்சூரன்ஸ்காரர் எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) நகல் கேட்டபோதுதான் தெரிந்தது, கேஸே இல்லை. கையில் இருந்தது வெறும் சி.எஸ்.ஆர். ரசீது.

நம் கடற்கரையில் நான் அதிகம் பார்க்கும் தவறு இது. சி.எஸ்.ஆர். என்பது மனுவை வாங்கிக்கொண்டதற்கான அத்தாட்சி மட்டும். கொடுக்கல் வாங்கல், வேலித் தகராறு என்றால் அதுவே போதும். திருட்டுக்குப் போதாது. வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்திருப்பது மனுவிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. நகலும் இலவசம். கேட்காமல் திரும்பி வருவது நாம்தான்.

“இது எங்க எல்லை இல்லை, மெரைன் ஸ்டேஷனுக்குப் போங்க” என்றதும் எழுந்து வந்துவிடுவது அடுத்த தவறு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் பதியலாம். பிறகு உரிய ஸ்டேஷனுக்கு அவர்கள் அனுப்பிக்கொள்வார்கள். மறுத்தால் சண்டை போட வேண்டாம். அதே மனுவை ராமநாதபுரம் எஸ்.பி.க்குப் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, தபால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

மனு எழுதுவதிலும் கோளாறு உண்டு. மச்சானின் முதல் மனுவில் முக்கால் பக்கம் பங்காளி மேல் சந்தேகம். என்ஜின் நம்பர் எங்கேயும் இல்லை! என்ன பொருள், என்ன நம்பர், கடைசியாக எப்போது பார்த்தோம், யார் கூட இருந்தார்கள், இதுதான் ஏட்டுக்கு வேண்டும். ஊர்ப் பெரியவரைத் துணைக்குக் கூட்டிப்போவதில் தப்பில்லை. ஆனால் பேச்சை அவர் கையில் விட்டால் பெரும்பாலும் “பேசி முடிச்சுக்குங்க” என்ற இடத்தில்தான் போய் நிற்கும்.

வண்டிச் சோதனையில் வாட்ஸ்அப்பில் இருக்கும் லைசென்ஸ் போட்டோவைக் காட்டி வாதாடாதீர்கள், அது செல்லாது. டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ காட்டினால் செல்லும்.

கடல் பக்கத்துக்கே உரிய தவறு ஒன்று. கரை ஒதுங்கிய பொட்டலத்தை, என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று வீட்டுக்குத் தூக்கி வருவது. பிரித்துப் பார்த்தால் கஞ்சாவாக இருக்கலாம், அப்புறம் அது உங்கள் வீட்டில் பிடிபட்ட கஞ்சா. தொடாமல் 1093-க்குச் சொல்லுங்கள், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் (மெரைன் போலீஸ்) எண் அது. வலையில் கடல் அட்டை ஏறினாலும் உடனே கடலிலேயே விட்டுவிடுங்கள். 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. “தானா ஏறிச்சு சார்” என்று கரையில் வந்து சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை.

சாட்சி சொல்லக் கூப்பிட்டால், எழுதாத வெள்ளைத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் சாட்சி வாக்குமூலத்துக்கே கையெழுத்து தேவையில்லை. பெண்களையும் அறுபது வயது தாண்டிய ஆண்களையும் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. என்ஜின் விவகாரத்தில் என் அத்தையைக் கூப்பிட்டபோது இதைத் தணிவாகச் சொன்னேன். ஏட்டையா மறுநாள் வீட்டுக்கே வந்து, திண்ணையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டார். அத்தை கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, தேதி தப்பு என்று ஓர் இடத்தில் திருத்தவும் வைத்தார்.