பே ஏரியாவில் வாடகைக் கார்: கையெழுத்துப் போடும் முன் படிக்க வேண்டியது

சான் பிரான்சிஸ்கோவிலோ சான் ஹோசேயிலோ வந்து இறங்கும் நம் ஆட்களுக்கு முதல் வாரத்திலேயே ஓர் அறிவுரை கிடைத்துவிடுகிறது. "கார் எடுக்கும்போது கவுண்டரில் எதைக் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லிவிடு. எல்லாம் பணம் பிடுங்கும் வேலை." அலுவலகத்தில் மூத்தவர் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், கோவிலில் சாப்பாட்டு வரிசையில் நிற்பவரும் சொல்வார். அவர்கள் பொய் சொல்லவில்லை; பாதியைச் சொல்கிறார்கள். பத்து வருடமாக இங்கே இருப்பவரிடம் சொந்தக் கார் இருக்கிறது. அந்தக் காருக்கு அவர் எடுத்திருக்கும் காப்பீடு, வாடகைக் காரை ஓட்டும்போதும் பெரும்பாலும் அவருக்குத் துணை நிற்கிறது. பணம் கட்டுவதற்கு அமெரிக்க வங்கியின் கிரெடிட் கார்டும் இருக்கிறது. நேற்று இரண்டு பெட்டியோடு வந்து இறங்கிய உங்களிடம் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. அவர் சொல்லும் 'வேண்டாம்' அவருக்குப் பொருந்தும். உங்களுக்குப் பொருந்தாது.

என் நண்பர் ஒருவர் இந்தப் பாதி அறிவுரையை நம்பித்தான் பணத்தை இழந்தார். அவர் கதைக்கு வருவதற்கு முன், வழக்கமான சங்கதிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஓட்டுநர் உரிமம்: தமிழ்நாட்டு உரிமத்தில் விவரங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் வாடகை நிறுவனங்கள் பொதுவாக ஏற்றுக்கொள்கின்றன. ஊரில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கி வந்தால் நல்லது. ஆனால் அதை மட்டும் நீட்டினால் கார் தரமாட்டார்கள். அசல் உரிமமும் கையில் இருக்க வேண்டும். சுற்றிப் பார்க்க வந்தவர் ஊர் உரிமத்தோடே ஓட்டலாம். வேலைக்காக வந்து குடியேறியவர் 10 நாளுக்குள் கலிபோர்னியா உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது இங்கே விதி. வயது 25க்குக் குறைவு என்றால் நாள்தோறும் கூடுதல் கட்டணம் உண்டு.

பெயர் விஷயத்தில் நம்மவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். உரிமத்தில் இன்ஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து ஒரு பெயர், வங்கி அட்டையில் இன்ஷியல் முன்னால் வந்து இன்னொரு பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் 'எஃப்.என்.யு.' (முதல் பெயர் தெரியவில்லை) என்ற மூன்று எழுத்து முன்னால் வந்து நின்றுகொள்ளும். கவுண்டரில் இருப்பவருக்கு இவை மூன்றும் மூன்று ஆட்களின் பெயர். அவரிடம் கோபித்துப் பயனில்லை. முன்பதிவை உரிமத்தில் உள்ளபடியே செய்யுங்கள். பாஸ்போர்ட்டையும் கூடவே நீட்டுங்கள். அட்டை ஓட்டுபவரின் பெயரில்தான் இருக்க வேண்டும். "என் நண்பனின் அட்டை, அவன் சம்மதித்துவிட்டான்" என்பது இங்கே எடுபடாது. டெபிட் கார்டை வாங்கும் நிறுவனங்களும் உண்டு. ஆனால் விமான நிலையக் கிளையில் திரும்பிப் போகும் விமான டிக்கெட்டைக் கேட்பார்கள். முன்பணமாகக் கூடுதல் தொகையையும் நிறுத்தி வைப்பார்கள். வேலைக்கு வந்தவரிடம் திரும்பும் டிக்கெட் எப்படி இருக்கும்? ஊரிலிருந்து கிளம்பும்போதே வெளிநாட்டுப் பயன்பாடு திறந்துவிடப்பட்ட ஒரு கிரெடிட் கார்டைக் கொண்டுவருவதுதான் வழி.

இனி விலை. சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் ஏர்டிரெயின் என்ற இலவச ரயிலில் ஏறினால் வாடகைக் கார் மையத்தில் இறக்கிவிடும். சான் ஹோசேயில் அந்த மையம் பி முனையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. சன்னிவேல், சாண்டா கிளாரா பக்கம் குடியேறுபவர்களுக்கு அதுதான் வசதி. இணையத்தில் பார்க்கும் நாள் வாடகையோடு கணக்கு முடிவதில்லை. விமான நிலையத்துக்கான பங்கு, மையத்தைக் கட்டியதற்கான கட்டணம், சுற்றுலாக் கட்டணம், விற்பனை வரி என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். ஆகவே மொத்தத் தொகையை மட்டுமே ஒப்பிட்டுப் பாருங்கள். முன்கூட்டியே பணம் கட்டாமல், ரத்து செய்யக்கூடிய முன்பதிவாகச் செய்யுங்கள். விலை இறங்கினால் புதிதாகப் பதிந்துகொண்டு பழையதை ரத்து செய்யலாம். ஏழு நாள் வாடகை, ஐந்து நாள் வாடகையைவிடக் குறைவாக வருவதும் உண்டு. ஆனால் முன்னதாகத் திருப்பிக் கொடுத்தால் நாள் கணக்கில் மாற்றிவிடுவார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு நாளுக்கு டாக்சியில் சமாளித்துவிட்டு, ஊருக்குள் இருக்கும் கிளையில் கார் எடுப்பது பெரும்பாலும் மலிவு. விமான நிலையக் கட்டணங்கள் அங்கே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பல கிளைகள் திறப்பதில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தூக்கமில்லாமல் கடல் கடந்து வந்த இரவில், வலப்பக்கம் ஓட்டிப் பழகாத கையோடு 101 நெடுஞ்சாலையில் இறங்காமல் இருப்பதற்காகவே நான் இந்த வழியைச் சொல்வேன். விமான நிலையத்துக்கு அழைத்துப்போக யாராவது வருவார்கள். முகம்கூடத் தெரியாதவருக்காக நள்ளிரவில் காரோட்டி வந்து, வீட்டில் இட்லியும் மிளகாய்ப்பொடியும் எடுத்து வைத்திருப்பவர்கள் இந்த ஊரில் நிறைய உண்டு. தயங்காமல் கேளுங்கள்.

இனி நண்பரின் கதை.

ஊரில் கார் வாடகை என்றால் டிரைவரோடு எடுப்பதுதான். டிராவல்ஸுக்கு போன் செய்தால் வண்டி வாசலில் வந்து நிற்கும். கிலோமீட்டர் கணக்கு, டிரைவர் பேட்டா, டோல், அவ்வளவுதான். வண்டிக்கு என்ன ஆனாலும் அது டிராவல்ஸ்காரர் பாடு. மூன்றாம் நபர் காப்பீடு வண்டியோடு ஒட்டியே இருக்கும். வாடகைக்கு எடுத்தவர் அதைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே வந்ததில்லை. அந்தப் பழக்கத்தோடுதான் நண்பரும் கவுண்டரில் நின்றார். எதிரே இருந்தவர் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். இவர் எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றார். கையளவு திரையில் ஒவ்வொரு கட்டமாகக் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு கட்டத்திலும் 'நிராகரிக்கிறேன்' என்று இருந்தது.

கவுண்டரில் கேட்பவை ஒரே பொருளின் பல பெயர்கள் அல்ல. எல்.டி.டபிள்யூ. என்பது நீங்கள் ஓட்டும் வாடகைக் காருக்கு வரும் சேதத்தை நிறுவனம் உங்களிடம் கேட்காமல் விட்டுவிடுவதற்கான ஏற்பாடு. எஸ்.எல்.ஐ. என்பது நீங்கள் இடித்த மற்றவரின் காருக்கும், காயம்பட்ட மற்றவரின் உடம்புக்கும் ஆன காப்பீடு. மூத்தவர்கள் "கிரெடிட் கார்டு பார்த்துக்கொள்ளும்" என்று சொல்வது முதல் வகையை மட்டும்தான். அதுவும் அமெரிக்க அட்டைகளில் சிலவற்றுக்குத்தான். முழு வாடகையையும் அந்த அட்டையிலேயே கட்ட வேண்டும், நிறுவனத்தின் எல்.டி.டபிள்யூ.வை மறுத்திருக்க வேண்டும், இத்தனை நாளைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனைகளோடு. இரண்டாவது வகையை, அதாவது மற்றவருக்கு நேரும் இழப்பை, அட்டைகளின் வாடகைக் கார் சலுகை ஏற்பதில்லை. அமெரிக்க அட்டையானாலும் இந்திய அட்டையானாலும் இதுதான் நிலை.

நிறுவனம் தன் காருக்கு அடிப்படைக் காப்பீடு வைத்திருக்காதா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். கலிபோர்னியாவில் பல நிறுவனங்களின் ஒப்பந்தம், சட்டம் கட்டாயப்படுத்தும் அளவுக்கு மேல் ஓட்டுபவருக்காகப் பொறுப்பேற்க மாட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அந்தக் கட்டாய அளவும் பெரிதல்ல. காயத்துக்கு ஒருவருக்கு 15,000, ஒரு விபத்துக்கு 30,000, பொருள் சேதத்துக்கு 5,000 டாலர் என்று பல பத்தாண்டுகளாக இருந்த குறைந்தபட்ச வரம்பு, 2025 ஜனவரி 1 முதல்தான் 30,000, 60,000, 15,000 என்று உயர்ந்தது. இங்கே ஒருவரை ஆம்புலன்ஸில் ஏற்றி மருத்துவமனையில் ஓர் இரவு வைத்திருந்தால் அந்தத் தொகை எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதை முதல் மருத்துவ பில் வந்ததும் நீங்களே அறிவீர்கள்.

நண்பருக்கு நல்ல வேளையாக யாருக்கும் காயமில்லை. எல் கமினோ ரியல் சாலையில் ஒரு மளிகைக் கடையின் பார்க்கிங். அரிசி மூட்டையைப் பின்னால் வைத்துவிட்டுக் காரைப் பின்னோக்கி எடுத்தவர், நின்றிருந்த ஒரு காரின் கதவிலிருந்து பின்சக்கரத்துக்கு மேல் வரை உரசிக்கொண்டு போனார். கதவு உள்வாங்கி, வெள்ளிப் பட்டை பிய்ந்து தொங்கியது. வாடகைக் காரின் பம்பரும் ஒரு பக்கம் கழன்றது. அந்தக் காருக்குச் சொந்தக்காரரான அம்மையார் சத்தம் போடவில்லை. இவர் ஊர் வழக்கப்படி அங்கேயே பேசித் தீர்க்கலாம், பணம் தருகிறேன் என்றார். அவர் காப்பீட்டு விவரத்தை மட்டும் கேட்டார். இவரிடம் காட்ட ஒன்றுமில்லை. உரிமத்தைப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சில வாரங்கள் கழித்து இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று அம்மையாரின் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து: அவருடைய காரைச் சரிசெய்ய நாங்கள் கொடுத்த தொகையை நீங்கள் எங்களுக்குத் தர வேண்டும் என்று. மற்றொன்று வாடகை நிறுவனத்திடமிருந்து: பம்பர், சென்சார், கூலி, நிர்வாகக் கட்டணம். இரண்டும் சேர்ந்து அவருடைய இரண்டு மாத வீட்டு வாடகையைத் தாண்டிவிட்டன. வாடகை நிறுவனம் சொன்ன தொகையை உடனே அட்டையிலிருந்து எடுத்தும்விட்டது. மற்றதைத் தவணையில் கட்டினார். அந்த வருடப் பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை. "லீவு கிடைக்கவில்லை" என்று அவர் அம்மாவிடம் போனில் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். அறிவுரை சொன்னவர்களில் ஒருவர்கூட அதன்பின் வாய் திறக்கவில்லை என்பதில் எனக்கு இன்றும் கோபம்தான்.

ஆகவே இங்கே சொந்தக் காப்பீடு இல்லாதவரை எஸ்.எல்.ஐ.யை வாங்குங்கள். செலவைக் குறைக்க வேண்டுமானால் சிறிய கார் எடுங்கள், ஜி.பி.எஸ். கருவியை விடுங்கள், சாலையோர உதவித் திட்டத்தை விடுங்கள். இதை விடாதீர்கள். எல்.டி.டபிள்யூ.வை மறுப்பதானால், உங்கள் அட்டையின் வங்கியிடம் அமெரிக்காவில் எடுக்கும் வாடகைக் காருக்கு அட்டை பொறுப்பேற்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் வரவில்லையென்றால் எல்.டி.டபிள்யூ.வையும் வாங்குங்கள். முன்பதிவு இணையதளங்கள் மலிவாக விற்கும் 'முழுப் பாதுகாப்பு' பெரும்பாலும் வாடகைக் காருக்கு மட்டுமே. அதிலும் முதலில் உங்கள் கைக்காசைக் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்க வேண்டும். தனியாரின் காரை செயலி வழியே வாடகைக்கு எடுத்தால், கிரெடிட் கார்டு சலுகை பொதுவாகச் செல்லாது. அந்தச் செயலியின் காப்பீட்டுத் திட்டத்தைப் பாருங்கள். மாதக்கணக்கில் வாடகைக் காரோடு இருக்கப்போகிறவர்கள், கார் இல்லாதவருக்கான காப்பீடு தருமாறு இங்குள்ள முகவர்களைக் கேட்டுப் பார்க்கலாம். நாள்தோறும் கவுண்டரில் கட்டுவதைவிட அது குறையும்.

விபத்து நடந்துவிட்டால் இன்னொரு விதி. யாருக்காவது காயம் பட்டாலோ, பொருள் சேதம் 1,000 டாலரைத் தாண்டினாலோ, 10 நாளுக்குள் எஸ்.ஆர்.1 என்ற படிவத்தை, ஓட்டுநர் உரிமம் தரும் அரசுத் துறையான டி.எம்.வி.க்கு அனுப்ப வேண்டும். போலீஸ் வந்தார்களா, தவறு யாருடையது என்பதெல்லாம் கணக்கில்லை. காப்பீடு இல்லாமல் விபத்தில் சிக்கினால் ஓட்டும் உரிமையை நான்கு வருடம் வரை நிறுத்தி வைக்க முடியும். உரிமம் வாங்குவதற்கு முன்பே அதை இழப்பது எவ்வளவு பெரிய துன்பம் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னும் சில. காரைத் தொடும் முன் சுற்றி வந்து வீடியோ எடுங்கள். மையத்தின் மாடிகளில் வெளிச்சம் குறைவு. போன் விளக்கைப் பம்பரின் கீழ்விளிம்பிலும் சக்கர வளையத்திலும் அடித்துப் பாருங்கள். முன்கண்ணாடியில் கடுகளவு தெறிப்பு இருந்தாலும் ஊழியரை அழைத்து எழுத வையுங்கள். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத நண்பரிடம் "கோவில் வரைக்கும் நீ ஓட்டு" என்று சாவியைக் கொடுக்காதீர்கள். நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய பாதுகாப்பு அத்தனையும் அந்த நிமிடமே செல்லாமல் போகலாம்.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகும் ஊர்ப் பழக்கத்தை விமானத்திலேயே விட்டுவிடுங்கள். 8 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் காரில் பொருத்தும் குழந்தை இருக்கை கட்டாயம். 2 வயதுக்குக் கீழே என்றால் பின்பக்கம் பார்த்தபடி. வாடகை நிறுவனத்தில் அதை நாள் கணக்கில் எடுப்பதைவிடக் கடையில் வாங்கிவிடுவது மலிவு, அது உங்களோடே இருக்கும்.

பே ஏரியாவின் பாலங்களில் காசு வாங்க ஆள் கிடையாது. கேமரா எண் பலகையைப் படம் எடுக்கும், கட்டணம் வாடகை நிறுவனத்துக்குப் போகும், அவர்கள் தங்கள் சேவைக் கட்டணத்தையும் சேர்த்து அட்டையில் போடுவார்கள். கோல்டன் கேட் பாலத்துக்கு, அதைத் தாண்டிய 48 மணி நேரத்துக்குள் எண் பலகையின் எண்ணைக் கொடுத்து இணையத்தில் நீங்களே கட்டிவிடலாம். லிவர்மோர் சிவா விஷ்ணு கோவிலுக்குப் போகும்போது 680 நெடுஞ்சாலையின் இடது ஓரத்தில் காலியாகத் தெரியும் எக்ஸ்பிரஸ் தடத்துக்குள், அதாவது கட்டணத் தடத்துக்குள், போகாதீர்கள். கட்டணம் செலுத்தும் கருவி இல்லாத காருக்கு அதுவும் பில்லாகத்தான் வந்து சேரும்.

பெட்ரோல் பங்க்கில் இயந்திரம் ஜிப் எண் கேட்கும்; இந்திய அட்டைக்கு அது ஒத்துவராது. உள்ளே கடைக்குப் போய், உங்கள் பம்ப் எண்ணைச் சொல்லி, முன்கூட்டியே ஒரு தொகை கட்டிவிட்டு நிரப்புங்கள். மீதி அட்டைக்கே திரும்பிவிடும். திருப்பிக் கொடுக்கும் நாளில் டேங்க்கை நிரப்பிய ரசீது, எரிபொருள் முள்ளும் கிலோமீட்டருக்குப் பதிலாக இங்கே காட்டும் மைல் கணக்கும் தெரியும் ஒரு படம், ஊழியர் காரைப் பார்த்துவிட்டுத் தரும் இறுதி ரசீது, மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் சாவியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வருவதானால், நிறுத்திய இடத்தில் காரை இன்னொரு முறை சுற்றி வீடியோ எடுத்துவிட்டு வாருங்கள். நிறுத்தி வைத்த முன்பணம் இரண்டு வாரத்தில் திரும்பவில்லை என்றால் நிறுவனத்தை விட்டுவிட்டு உங்கள் வங்கியை அழையுங்கள்.