பேச்சைக் கடைசியில் படியுங்கள்: இஸ்ரேல்–பாலஸ்தீனச் செய்தியில் அமெரிக்காவைப் பின்தொடரும் முறை

கொடைக்கானலில் உட்கார்ந்துகொண்டு காசாவைப் பற்றி எதற்குப் படிக்க வேண்டும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. இங்கே குடியிருப்பவர்கள் கேட்பதில்லை. ராணுவ சேவையை முடித்த இஸ்ரேலிய இளைஞர்கள் பல வருடங்களாக வட்டக்கானலுக்கு வந்து தங்குகிறார்கள். அங்கே கடைப் பலகைகளில் ஹீப்ரு எழுத்தைப் பார்க்கலாம், சக்சூக்காவும் ஹம்முஸும் கிடைக்கும். அவர்களுக்கு அறை கொடுத்தும் ஜீப் ஓட்டியும் பிழைக்கிற குடும்பங்கள் உண்டு. காசாவின் குழந்தைகளுக்காக மனம் வெந்து துஆ கேட்கிற குடும்பங்களும் இதே ஊரில்தான் இருக்கின்றன. 1845-இல் இந்த மலையில் முதல் வீடுகளைக் கட்டி இதை ஊராக்கியவர்களோ மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள். மூன்று தரப்பும் நம் வாசலைத் தொட்டவர்களே.

நான் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். சனிக்கிழமை சாயங்காலம் நாயுடுபுரத்தில் என் வீட்டு முன்னறையில் சிலர் கூடுவோம். குரூப் தேர்வுக்குப் படிக்கிற பெண்கள், விடுதி நடத்துகிற ஒருவர், வட்டக்கானல் சவாரி போகிற ஜீப் ஓட்டுநர் எல்லாம் வருவார்கள். இந்த விஷயத்தில் அமெரிக்கா என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள நாங்கள் ஒரு முறை வைத்திருக்கிறோம். அதைத்தான் எழுதுகிறேன். ஒரு நீளமான கணக்கு நோட்டும் பென்சிலும் இருந்தால் போதும்.

முறையை ஒரே வரியில் சொன்னால், முதலில் ஓட்டு, அப்புறம் பணம், அப்புறம் ஆயுதம், அப்புறம் தரையில் நடந்தது, எல்லாவற்றுக்கும் கடைசியில் பேச்சு. "கொண்டை ஊசி வளைவில் எதிர்வண்டியின் ஹாரனைக் கேட்டுப் பிரயோஜனமில்லை டீச்சர், அதன் சக்கரம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கணும்" என்றார் எங்கள் ஜீப் தம்பி. தொலைக்காட்சி நமக்குப் பேச்சையே முதலில் காட்டுகிறது. அந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள்.

நோட்டின் முதல் இரண்டு பக்கங்களில் தேதிகளை எழுதுங்கள். நிறைய வேண்டாம். 1917, பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தாயகம் என்று பிரிட்டன் சொன்ன பால்ஃபர் அறிவிப்பு. 1947 நவம்பர் 29, பாலஸ்தீனத்தைப் பிரிக்கச் சொன்ன ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானம் 181. 33 நாடுகள் ஆதரவு, 13 எதிர்ப்பு, 10 நாடுகள் ஓட்டுப் போடவில்லை. இந்தியா எதிர்த்து ஓட்டளித்தது. 1948-இல் இஸ்ரேல் பிறந்தது. அந்தப் போரில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். 1967 ஜூன் போரில் மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், காசா எல்லாம் இஸ்ரேலின் பிடிக்குள் வந்தன. 1993 செப்டம்பர் 13, வெள்ளை மாளிகைப் புல்வெளியில் இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் கையெழுத்திட்ட ஆஸ்லோ ஒப்பந்தம். 2023 அக்டோபர் 7, காசாவை ஆண்ட ஹமாஸ் இயக்கம் இஸ்ரேல் மீது நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், சுமார் 250 பேர் பணயக்கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அதன் பிறகு நடந்த போரில் காசாவில் கொல்லப்பட்டவர்கள் பல பத்தாயிரம் பேர். இந்தக் கடைசி வரியில் எங்கள் அறைக்கு ஒரு விதி உண்டு. ஒரு பக்கத்துச் சாவை எண்ணுகிறவர் மறுபக்கத்துச் சாவையும் அதே வாயால் எண்ணிச் சொல்ல வேண்டும். அதற்கு மனசு வராதவர்களோடு வெளியுறவுக் கொள்கை பேச எனக்கு விருப்பமில்லை.

அடுத்து, 'அமெரிக்கா' என்று மொட்டையாக எழுதுகிற பழக்கத்தை விடுங்கள். ஜனாதிபதியா, வெளியுறவுத் துறையா, காங்கிரஸ் என்கிற அவர்கள் நாடாளுமன்றமா, ராணுவத் தலைமையகமா என்று குறிப்பிட்டு எழுதுங்கள். இஸ்ரேல் பிறந்த 11-ஆவது நிமிடத்தில் ஜனாதிபதி ட்ரூமன் அதை அங்கீகரித்தார். அவருடைய சொந்த வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் மார்ஷல் அதைக் கடுமையாக எதிர்த்தவர். 1995-இல் தூதரகத்தை ஜெருசலேமுக்கு மாற்றச் சொல்லிக் காங்கிரஸ் சட்டம் போட்டது. கிளிண்டன், புஷ், ஒபாமா மூவரும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கையெழுத்துப் போட்டு அதைத் தள்ளிவைத்தார்கள். 2017 டிசம்பர் 6-ஆம் தேதி ட்ரம்ப் ஜெருசலேமை இஸ்ரேலின் தலைநகராக அங்கீகரித்தார், 2018 மே 14-இல் தூதரகம் அங்கே திறக்கப்பட்டது. சட்டம் இத்தனை வருடமும் அப்படியேதான் இருந்தது. மாறியது நாற்காலியில் இருந்தவர். 'அமெரிக்கா தூதரகத்தை மாற்றியது' என்று எழுதினால் இந்தக் கதை முழுக்கத் தொலைந்துபோகும்.

இனி ஓட்டு. மற்றதைவிட இதற்கு அதிக நேரம் கொடுங்கள், ஏனென்றால் ஓட்டில் மழுப்ப முடியாது. பாதுகாப்புச் சபையில் 15 உறுப்பினர்கள். ஒரு தீர்மானம் நிறைவேற 9 ஓட்டு வேண்டும். அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவர் எதிர்த்தாலும் போச்சு, அதுதான் வீட்டோ. ஒவ்வொரு ஓட்டுக்கும் நோட்டில் நான்கு விஷயம் எழுதுங்கள்: தேதி, எண்ணிக்கை, அமெரிக்கா போட்ட ஓட்டு, அதற்கு அவர்கள் சொன்ன காரணம். தேதியில் கவனம் தேவை. நியூயார்க்கில் பிற்பகல் மூன்று மணி என்றால் நமக்கு நள்ளிரவு தாண்டிவிடும். வத்தலக்குண்டு வழியாக மலையேறி வரும் காலைப் பேப்பரில் அந்தச் செய்தி பெரும்பாலும் இருக்காது, ஒரு நாள் தள்ளித்தான் வரும். அதனால் எப்போதும் நியூயார்க் தேதியையே எழுதுங்கள். இல்லாவிட்டால் பிறகு ஒப்பிடும்போது குழம்பும்.

இப்படி எழுதிய ஒரு பக்கத்தைக் காட்டுகிறேன். 2023 அக்டோபர் 18, உதவிப் பொருட்கள் போகச் சண்டையை இடையிடையே நிறுத்தச் சொன்ன பிரேசில் தீர்மானம்: ஆதரவு 12, அமெரிக்கா வீட்டோ. சொன்ன காரணம், இஸ்ரேலின் தற்காப்பு உரிமை அதில் இல்லை என்பது. டிசம்பர் 8, உடனடிப் போர்நிறுத்தம்: ஆதரவு 13, வீட்டோ, பிரிட்டன் ஓட்டுப் போடாமல் ஒதுங்கியது. 2024 பிப்ரவரி 20, மறுபடியும் 13, மறுபடியும் வீட்டோ. ஏப்ரல் 18, பாலஸ்தீனத்துக்கு ஐ.நா.வில் முழு உறுப்பினர் இடம்: ஆதரவு 12, வீட்டோ. நவம்பர் 20, போர்நிறுத்தம்: ஆதரவு 14, வீட்டோ, பணயக்கைதிகள் விடுதலையோடு அது கட்டப்படவில்லை என்றார்கள். 2025 ஜூன் 4, போர்நிறுத்தம்: 14-க்கு 1, வீட்டோ. செப்டம்பர் 18, மறுபடியும் 14-க்கு 1.

வரிசையாகப் பார்த்தாலே ஒன்று தெரிகிறது. நடுவில் வெள்ளை மாளிகையில் கட்சி மாறியது, ஓட்டு மாறவில்லை. மாறியது பிரிட்டன், முதலில் ஒதுங்கி நின்ற நாடு கடைசி மூன்று ஓட்டுகளில் ஆதரவுப் பக்கம் வந்துவிட்டது. எந்தப் பேச்சாளரும் இதை நமக்குச் சொல்லவில்லை, கட்டத்தில் இருந்த எண்கள்தான் சொல்லின.

ஓட்டுப் போடாமல் இருப்பதையும் ஒரு முடிவாகவே எழுதுங்கள். 2016 டிசம்பர் 23-இல், 1967-இல் பிடித்த நிலத்தில் இஸ்ரேல் கட்டும் யூதக் குடியேற்றங்களைக் கண்டித்த 2334-ஆம் தீர்மானத்தின்போது ஒபாமா அரசு கையைக் கட்டிக்கொண்டது, 14-0 என்று நிறைவேறியது. 2024 மார்ச் 25-இல் ரமலான் மாதத்துக்குப் போர்நிறுத்தம் கேட்ட 2728-உம் அப்படியேதான் நிறைவேறியது. ஆனால் உடனே அமெரிக்கத் தூதர் அது யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாத தீர்மானம் என்று சொல்லிவிட்டார். ஓட்டு ஒரு அடி முன்னே வைத்தது, பேச்சு அதைப் பின்னே இழுத்தது. இந்த மாதிரி இடங்களில் இரண்டையும் அடுத்தடுத்து எழுதி, பக்கவாட்டில் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

பணத்துக்கு வருவோம். முதலில் கணக்கு: 1 பில்லியன் என்றால் 100 கோடி. வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பாதிச் சண்டை இந்தப் பூஜ்யங்களில்தான் கிடக்கிறது. 2016 செப்டம்பரில் ஒபாமா அரசு இஸ்ரேலோடு போட்ட ஒப்பந்தம் 10 வருடத்துக்கு 38 பில்லியன் டாலர் ராணுவ உதவி, அதாவது 3,800 கோடி டாலர். அதில் 33 பில்லியன் ஆயுதம் வாங்க, 5 பில்லியன் ஏவுகணைத் தடுப்புக்கு. இப்போது நோட்டைக் கொஞ்சம் மேலே பாருங்கள். அதே ஒபாமாதான் மூன்று மாதம் கழித்துக் குடியேற்றத் தீர்மானத்தை நிறைவேற விட்டவர். 'ஒபாமா இஸ்ரேலுக்கு எதிரி' என்பவரும் 'ஒபாமா இஸ்ரேலின் கையாள்' என்பவரும் இரண்டு வரிகளில் ஒன்றை மட்டும் படித்திருக்கிறார்கள். பாலஸ்தீனப் பக்கத்துப் பணத்தையும் எழுதுங்கள். அகதிகளுக்குப் பள்ளியும் மருத்துவமும் நடத்துகிற ஐ.நா. நிறுவனமான அன்ர்வாவுக்கு அமெரிக்கா 2018-இல் பணத்தை நிறுத்தியது, 2021-இல் மறுபடி தொடங்கியது, 2024 ஜனவரியில் மறுபடி நிறுத்தியது. நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் முதல் பணம் தடையில்லாமல் போகிறது, இரண்டாவது பணம் விட்டு விட்டுத்தான் போகிறது. என் கணிப்பில் கொள்கையின் எலும்பு இதுதான்.

ஆயுதத்தில் மூன்று கட்டங்களைப் பிரியுங்கள்: அறிவித்தது, காங்கிரஸுக்குத் தெரிவித்தது, கப்பலில் ஏற்றியது. 2024 மே மாதம் பைடன் 2,000 பவுண்டு குண்டுகளின் ஒரு தொகுதியை நிறுத்திவைத்தார். தலைப்புச் செய்தியானது. மற்ற ஆயுதங்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. 2025 ஜனவரியில் ட்ரம்ப் அந்தக் குண்டுகளையும் விடுவித்தார். மனித உரிமையைக் கொடூரமாக மீறுகிற படைப்பிரிவுக்கு உதவி கூடாது என்று சொல்லும் லேஹி சட்டம் அமெரிக்காவில் உண்டு. சட்டம் இருக்கிறது என்று எழுதி நிறுத்தாதீர்கள். எப்போது, யார் மீது அதைப் பயன்படுத்தினார்கள் என்ற கட்டத்தையும் வையுங்கள்.

இந்த இடத்தில் எங்கள் அறையில் வழக்கமாக ஒரு வாக்குவாதம் வெடிக்கும். "அமெரிக்கா நினைத்தாலும் இஸ்ரேலை ஒன்றும் செய்ய முடியாது" என்பார் விடுதிக்காரர். அவருக்கு நான் மூன்று தேதிகளைக் காட்டுவேன். எகிப்தை இஸ்ரேல் தாக்கிய 1956 சூயஸ் போருக்குப் பிறகு ஜனாதிபதி ஐசனோவர் வெளிப்படையாக நெருக்கினார். 1957 மார்ச்சில் இஸ்ரேல் சினாயிலிருந்தும் காசாவிலிருந்தும் பின்வாங்கியது. 1982 ஆகஸ்டில் லெபனானின் பெய்ரூட் மீது இஸ்ரேலின் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது ஜனாதிபதி ரீகன் இஸ்ரேலியப் பிரதமர் பெகினுக்குப் போன் செய்து கோபத்தைக் காட்டினார். அன்றைக்கே வான்தாக்குதல் நின்றது. 1991-இல் மூத்த புஷ் குடியேற்றங்களைக் காரணம் காட்டி இஸ்ரேல் கேட்ட 10 பில்லியன் டாலர் கடன் உத்தரவாதத்தைத் தள்ளிப்போட்டார். அடுத்த ஆண்டு ராபின் பிரதமரான பிறகே அது கிடைத்தது. ஆகவே நெம்புகோல் இருக்கிறது. அதைத் தொடுவதும் தொடாமல் விடுவதும் ஒருவர் எடுக்கிற முடிவு. அந்த முடிவுக்குப் பெயரும் தேதியும் உண்டு. எத்தனையோ உயிர்கள் இந்த இடைவெளியில் போயிருக்கின்றன என்பதால் இதை நான் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

தரையில் நடந்தது என்ற கட்டத்துக்குக் குடியேற்றங்களே நல்ல பாடம். 1978-இல் அமெரிக்க வெளியுறவுத் துறையின் சட்ட ஆலோசகர் அவை சர்வதேசச் சட்டத்துக்குப் பொருந்தாதவை என்றார். 2019 நவம்பரில் ட்ரம்பின் வெளியுறவு அமைச்சர் பாம்பியோ அப்படியில்லை என்றார். 2024 பிப்ரவரியில் பைடனின் வெளியுறவு அமைச்சர் பிளிங்கன் பழைய நிலைக்குத் திரும்பினார். இதற்கிடையில் கிழக்கு ஜெருசலேம் நீங்கலாக மேற்குக் கரையில் மட்டும் குடியேறியவர்கள் 1993-இல் ஒரு லட்சத்தைச் சற்றுத் தாண்டியிருந்தார்கள், இப்போது ஐந்து லட்சத்தைக் கடந்துவிட்டார்கள்.

விடுதி நடத்துகிறவர்களுக்கும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த நோட்டை வைத்துக்கொண்டு வந்து தங்குகிற பையனையோ பெண்ணையோ குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை ஒரு அரசாங்கம் ஆகாது. அவர்களே பேச்சை எடுத்தால் கேளுங்கள். அதேபோல நம் ஊர் முஸ்லிம் அண்டை வீட்டாரிடம் போய் ஹமாஸுக்கு விளக்கம் கேட்பதும் அநியாயம்.

சரி, இப்போது பேச்சைப் படிக்கலாம். ஒரு பேச்சில் யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்பதை மட்டும் அடிக்கோடிடுங்கள். 2003-இல் இளைய புஷ் காலத்தில் வந்த சமாதான வரைபடம் 2005-க்குள் இறுதித் தீர்வு என்றது. அந்தத் தேதி எப்படிப் போனது என்று உங்களுக்கே தெரியும். 2025 செப்டம்பர் 29-இல் ட்ரம்ப் அறிவித்த 20 அம்சத் திட்டத்தையும் அதே பென்சிலால் படியுங்கள். போர்நிறுத்தம், பணயக்கைதிகள் விடுதலை, படை பின்வாங்கல் பற்றியெல்லாம் திட்டவட்டமாகப் பேசும் அந்தத் திட்டம், பாலஸ்தீன நாடு என்ற இடத்துக்கு வரும்போது, சீர்திருத்தங்கள் நடந்தால் அதற்கான பாதை அமையக்கூடும் என்று மட்டும் சொல்கிறது, தேதி கிடையாது.

அந்தத் திட்டத்தைத் தாங்கிய தீர்மானம் 2803-ஐ அமெரிக்காவே எழுதிக் கொண்டுவந்தது. 2025 நவம்பர் 17-இல் 13-0 என்று நிறைவேறியது, ரஷ்யாவும் சீனாவும் ஓட்டுப் போடவில்லை. காசாவை நிர்வகிக்க ஒரு சமாதான வாரியம், ஒரு சர்வதேசப் படை இரண்டுக்கும் அது அனுமதி தருகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பாதுகாப்புச் சபைக்கு அறிக்கை தர வேண்டும் என்றும் கேட்கிறது. அதற்கு ஒரு தனிப் பக்கம் ஒதுக்குங்கள். படைக்கு ஆள் அனுப்பிய நாடுகள், உள்ளே போன உதவி லாரிகள், இஸ்ரேல் பின்வாங்கிய தூரம், ஹமாஸ் ஒப்படைத்த ஆயுதம் என்று கட்டம் போடுங்கள். ஒவ்வொரு அறிக்கை வரும்போதும் நிரப்புங்கள். அனுமதி முடிகிற நாளைப் பக்கத்தின் தலையில் இப்போதே எழுதிவிடலாம்: 2027 டிசம்பர் 31. அதற்கு முன்பே நீட்டிப்பதா வேண்டாமா என்று சபையில் பேச்சு கிளம்பும். அப்போது மறுபடி ஓட்டுக் கட்டத்திலிருந்து தொடங்குங்கள்.