குட்டிப் பசங்களுக்கு படிச்சுக் காட்ட புக் வாங்கறப்போ நாம பண்ற தப்புங்க

பெங்களூர்ல தமிழ் வீடுகள்ல குழந்தைக்கு புக் வாங்கறதுன்னா பாதி நேரம் நைட்டு படுத்துக்கிட்டே போன்லதான் நடக்குது. பத்து புக் செட்டு, ஆஃபர்னு வரும், அட்டைல யானை பல்லக் காட்டிட்டு நிக்கும், உடனே ஆர்டர் போட்டுடுவோம். அதுல உருப்படியா ரெண்டு தேறினா பெரிய விஷயம். மத்ததெல்லாம் பாக்க பளபளன்னு இருக்கும், வாய் விட்டு படிச்சா ரெண்டாவது பக்கத்துலயே நமக்கே கொட்டாவி வந்துடும்.

சத்தமா படிக்கப்போற புக்கை கண்ணால மட்டும் பாத்து எடுக்கறதுதான் முதல் தப்பு, என்னைக் கேட்டா மத்த தப்புல பாதி இதுலேர்ந்துதான் வருது. சர்ச் ஸ்ட்ரீட்ல ப்ளாசம், புக்வர்ம் மாதிரி கடைங்கள்ல நின்னு புரட்டினா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ரெண்டு பக்கம் முணுமுணுத்துப் பாருங்க. எங்க மூச்சு முட்டுது, எங்க நாக்கு சிக்குதுன்னு அங்கயே தெரிஞ்சிடும். நல்லா எழுதின புக்ல வாக்கியம் சின்னதா இருக்கும், ஒரு வரி திரும்பத் திரும்ப வரும், மூணாவது தடவை வர்றப்போ குழந்தையே முந்திக்கிட்டு சொல்லிடும்.

தமிழ் புக்னா இன்னொரு சிக்கல் இருக்கு. நம்ம பசங்களுக்கு வீட்ல பேச்சுத் தமிழ், கீழ பார்க்ல கன்னடமும் ஹிந்தியும், ப்ளே ஸ்கூல்ல இங்கிலீஷ், எழுத்துத் தமிழ் காதுல விழறதே கிடையாது. அதனால புரியாதுன்னு நினைச்சு ஒவ்வொரு வரியையும் பேச்சு வழக்குக்கு மாத்தியே படிக்கறவங்க நிறைய பேர். அது தேவையே இல்ல. "பூனை வந்தது. பாலைப் பார்த்தது."ன்னு படிச்சா ரெண்டு வயசுக்குக்கூட புரியும், கொஞ்ச நாள்ல அதுவே "பாத்தது பாத்தது"ன்னு விளையாட ஆரம்பிச்சிடும். "மட்டற்ற மகிழ்ச்சியுடன் துள்ளிக் குதித்தவாறே விரைந்து சென்றான்"னு இருந்தா மட்டும் கீழ வச்சிடுங்க, பிரச்சனை எழுத்துத் தமிழ் இல்ல, எழுதினவரு. அதே மாதிரி கதைக்குள்ள அம்மாவும் புள்ளையும் பேசிக்கற இடத்துல "அம்மா, எனக்குப் பசிக்கிறது"ன்னு செய்தி வாசிக்கற மாதிரி இருந்தா அத மட்டும் தாராளமா மாத்திப் படிங்க.

அப்புறம் நிஜம்ங்கற விஷயம். மூணு நாலு வயசுல குழந்தைக்கு உலகமே இப்பதான் அறிமுகம் ஆகுது, எது கதை எது நிஜம்னு முழுசா பிரிக்கத் தெரியாது, அதனால புக்ல வர்றத பல நேரம் அப்படியே நம்பிடும். ஆனா நம்ம ஊர் மிருக புக்குங்கள எடுத்துப் பாருங்க, பாம்பு பால் குடிக்கும், ஒட்டகத்தோட திமில்ல தண்ணி இருக்கும் (நிஜத்துல அங்க இருக்கறது கொழுப்பு), வெள்ளைக் கரடியும் பெங்குவினும் ஒரே பனிக்கட்டில உக்காந்திருக்கும், ஒண்ணு வடதுருவம் இன்னொண்ணு தென்கோளம், ரெண்டும் ஜென்மத்துல பாத்துக்காது. தேன் சேக்கற தேனீய "அண்ணன்"ம்பாங்க, வேலை செய்யற தேனீ எல்லாமே பொம்பளைங்க. பேசற முயலே வேண்டாம்னு நான் சொல்லல, அதுவும் இருக்கட்டும். நிஜம் மாதிரி வேஷம் போட்டுட்டு வர்ற தப்புதான் மோசம்.

நிஜமான புக்னா தகவல் புக்னு நினைக்கறதும் தப்பு. "இது பஸ், இது ரயில்"னு படத்துக்குக் கீழ பேரு போட்டது படிச்சுக் காட்டற புக்கே இல்ல, சுட்டிக் காட்டிப் பேசறதுக்கு ஆகும், அவ்ளோதான். கரண்ட் போன ராத்திரி, மழைல ஆட்டோ கிடைக்காம நிக்கறது, பாட்டி ஊருக்குக் கிளம்பறப்போ வர்ற அழுகை, தம்பி பொறந்ததும் வர்ற பொறாமை, இதுலல்லாம் கதை இருக்கு. சோகம் வந்தா மூடி வச்சிடற பெத்தவங்களும் இருக்காங்க, ஏன்னு எனக்குப் புரியல, குழந்தை அழாமலா இருக்கு? இன்னொண்ணு, எல்லா பக்கத்துலயும் அம்மா கிச்சன்ல, அப்பா பேப்பரோட சோஃபால இருக்காரான்னும் பாருங்க, ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டுப் புள்ளைக்கு அது எந்த ஊர்க் கதையோ.

கடைசிப் பக்கத்துல "நீதி"ன்னு கட்டம் போட்டிருந்தா நான் திருப்பி வச்சிடுவேன், இதுக்கு மேல அதப் பத்தி பேச ஒண்ணும் இல்ல.

புக் எவ்ளோ சுலபம், எவ்ளோ கஷ்டம்னு காட்ட லெவல்னு ஒரு நம்பர் போடுவாங்களே, அந்த விஷயத்துல நிறைய பேருக்கு குழப்பம். பிரதம் புக்ஸ்ங்கற குழந்தைங்க புக் பதிப்பகம் நம்ம பெங்களூர்தான், 2015ல அவங்க ஆரம்பிச்ச ஸ்டோரிவீவர் சைட்ல தமிழ், கன்னடம் உட்பட ஏகப்பட்ட மொழில கதைங்கள சும்மாவே படிக்கலாம். அதுல லெவல் 1னா 250 வார்த்தைக்குள்ள, லெவல் 2னா 600 வரைக்கும். ஆனா அந்த லெவல் குழந்தை தானா படிக்கறதுக்கு. நாம படிச்சு அது கேக்கறப்போ ஒரு படி மேல தாராளமா போகலாம், சின்ன வயசுல காது கண்ணுக்கு முன்னாடி ஓடும். அங்க யார் வேணா மொழிபெயர்க்கலாம்ங்கறதால தமிழ் ஒரு கதைல தேனா இருக்கும், இன்னொண்ணுல கல்லு கடிக்கும், அதனால குழந்தைய மடில வச்சுக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை ஓட்டிப் பாத்துடுங்க.

சென்னை தூலிகா மாதிரி பதிப்பகங்கள் போடற ரெண்டு மொழி புக் இங்க நமக்கு ரொம்பத் தோது, ஆனா ஒரே மூச்சுல ஒரு வரி தமிழ், அதுக்கே இங்கிலீஷ்னு மாத்தி மாத்தி படிச்சா கதையோட ஓட்டம் செத்துடும். இன்னைக்கு தமிழ், நாளைக்கு இங்கிலீஷ். தாத்தா பாட்டி வந்திருந்தா தமிழ் பக்கத்த அவங்க கைல குடுத்துட்டு நீங்க போய் பாத்திரம் கழுவலாம்.

அப்புறம், எல்லாத்தையும் காசு குடுத்து வாங்கணும்னு இல்ல. கப்பன் பார்க்ல குழந்தைங்களுக்குன்னே லைப்ரரி இருக்கு, அல்சூர் ஏரிக்கரைல தமிழ்ச் சங்கத்துலயும் லைப்ரரி இருக்கு. அங்க ஒரு தடவை படிச்சுக் காட்டிட்டு, வீட்டுக்கு வந்தும் எது வேணும்னு கேட்டு அடம் புடிக்குதோ அத மட்டும் வாங்குங்க.