பெஞ்ச் பிரஸ்: எடை ஏறாமல் நிற்கும்போது பாரைக் கவனியுங்கள்

பெஞ்சில் மல்லாந்து படுத்து, எடை ஏற்றிய நீண்ட கம்பியை (பார்) மார்புவரை இறக்கி மேலே தள்ளும் பயிற்சியே பெஞ்ச் பிரஸ். அதைப் பழகத் தொடங்கிய முதல் சில மாதங்களில் எடை ஏறிக்கொண்டே போகும். பிறகு ஒரு கட்டத்தில் அப்படியே நின்றுவிடும். நான் 60 கிலோவில் நான்கு மாதங்கள் நின்றிருக்கிறேன். அந்த நான்கு மாதங்களில் பயிற்சித் திட்டத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேனே தவிர, பார் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை ஒருமுறைகூடக் கவனிக்கவில்லை. உடன் பயிற்சி செய்த நண்பர் ஒருவர் பக்கவாட்டிலிருந்து கைபேசியில் எடுத்த காணொளியைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பார் மார்பிலிருந்து ஏறக்குறைய நான்கு விரல் உயரம் எழுந்ததும் என் தோள்கள் முன்னோக்கி உருண்டன, இடது பாதம் தரையைவிட்டு எழும்பியது, அந்த நொடியிலேயே பார் நின்றுபோனது. வலிமை குறைவு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் படுத்திருந்த விதத்தில் இருந்த குறை. ஆகவே எடையைக் கூட்டும் வழிகளுக்குப் போவதற்கு முன்பு, படுப்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

படுக்கும் முறை

கண்கள் பாருக்கு நேர் கீழே இருக்கும்படி பெஞ்சில் படுத்துக்கொள்ளுங்கள். தலையின் பின்பக்கம், மேல் முதுகு, இடுப்பின் பின்பக்கம், இரண்டு பாதங்கள் ஆகியவை செட் (இடையில் ஓய்வின்றிச் செய்யும் ஒரு சுற்று) முடியும்வரை பதிந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது. பெஞ்ச் உயரமாக இருந்து பாதங்கள் முழுமையாகத் தரையில் பதியவில்லை என்றால், ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு பிளேட்டை (எடைத் தட்டு) வைத்துக்கொள்ளலாம்; நுனிக்காலில் ஊன்றித் தடுமாறுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அடுத்து வருவது தோள்பட்டை எலும்புகள். இந்த ஒரு பயிற்சியில் எனக்குப் பிடித்தமானதும், பலர் அரைகுறையாகச் செய்வதும் இதுதான். முதுகின் பின்னால் இருக்கும் அந்த இரண்டு எலும்புகளையும் ஒன்றையொன்று நெருங்கும்படி பின்னுக்கு இழுத்து, பிறகு இடுப்பை நோக்கிக் கீழே இறக்குங்கள். இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் ஒரு பென்சிலை இடுக்கிப் பிடிப்பதாக எண்ணிக்கொண்டால் அந்த உணர்வு எளிதில் வரும். மார்பு தானாக மேலே உயரும், கீழ் முதுகில் ஒரு சிறு வளைவு உண்டாகும். அந்த வளைவு தவறல்ல. இடுப்பு பெஞ்சைவிட்டு எழும்பாதவரை அது தோள் மூட்டுக்குப் பாதுகாப்பே. ஆனால் பாரைத் தாங்கி நிற்கும் சட்டமான ரேக்கிலிருந்து அதை எடுக்கும்போது தோள்களை மேலே தள்ளி எடுத்தால், இழுத்து வைத்த எலும்புகள் அங்கேயே விலகிவிடும். கைகளை நீட்டிய நிலையிலேயே பாரைக் கொக்கியிலிருந்து சற்றே உயர்த்தி, தோள்களுக்கு நேர் மேலே வரும்வரை கிடைமட்டமாக இழுத்துக் கொண்டுவர வேண்டும். இதற்கு ரேக்கின் கொக்கிகள் சரியான உயரத்தில் இருக்க வேண்டும்: எட்டிப்பிடிக்கும் உயரமும் கூடாது, பாதி பிரஸ் செய்துதான் எடுக்க முடியும் என்ற தாழ்வும் கூடாது.

பிடியும் பாரின் பாதையும்

கைகளுக்கு இடையே எவ்வளவு தூரம் விட வேண்டும் என்பது உடலைப் பொறுத்தது. பார் மார்பைத் தொடும் நேரத்தில் முன்னங்கைகள் இரண்டும் தரைக்குச் செங்குத்தாக நின்றால், உங்கள் பிடி சரியான அகலத்தில் இருக்கிறது. அதிகபட்ச எடையைத் தூக்கும் பவர்லிஃப்டிங் போட்டிகளில் இரண்டு ஆட்காட்டி விரல்களுக்கும் இடையே அதிகபட்சம் 81 சென்டிமீட்டர் அனுமதிக்கப்படுகிறது; பவர்லிஃப்டிங் பாரில் தெரியும் வளையக் கோடுகள் அந்த அளவைக் காட்டுபவைதாம். தொடக்க நிலையில் இருப்பவர்கள் அந்தக் கோட்டுக்கு உட்பக்கமாகப் பிடிப்பது நல்லது. பாரை உள்ளங்கையின் அடிப்பகுதியில், முன்னங்கை எலும்புக்கு நேர் மேலே அமர்த்தி, கட்டைவிரலைக் கட்டாயம் சுற்றிப் பிடியுங்கள். கட்டைவிரலைச் சுற்றாமல் பிடித்தால் பார் வழுக்கி நேராக மார்பில் விழக்கூடும். இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

மூச்சை வயிறு நிறைய இழுத்து அடக்கிக்கொண்டு பாரை இறக்குங்கள். முழங்கைகளை உடலுக்கு 90 பாகையில் விரித்தால் தோள் மூட்டு நெருக்கப்படும். விலாவோடு ஒட்டினால் மார்புத் தசையின் வேலை குறையும். 45 முதல் 70 பாகைக்குள் இருந்தால் போதும். பார் தொட வேண்டிய இடம் மார்பின் கீழ்ப்பகுதி. அங்கிருந்து மேலே தள்ளும்போது நேர்க்கோட்டில் தள்ளாமல், மேலேயும் சற்றே முகத்தை நோக்கிப் பின்னேயும் தள்ளி, தோள்களுக்கு மேலே முடிக்க வேண்டும். பார் தோள் மூட்டிலிருந்து விலகி இருக்கும் தூரம் குறையக் குறையத் தோளின் மீது விழும் சுமை குறைகிறது. அதனால்தான் வளைந்த பாதை நேர்ப் பாதையைவிட எளிதாகிறது. தள்ளும் அதே நேரத்தில் பாதங்களால் தரையை அழுத்துங்கள். உயர் இரத்த அழுத்தம் அல்லது இதயக் கோளாறு உள்ளவர்கள் மூச்சை அடக்கித் தூக்குவதற்கு முன்பு மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தனியாகத் தூக்குபவர்கள் கவனத்திற்கு

பின்னால் நின்று, தேவைப்பட்டால் பாரைப் பிடித்து உதவும் ஸ்பாட்டர் இல்லாத நாளில், பாதுகாப்புக் கம்பிகள் உள்ள ரேக்குக்குள் மட்டுமே கனமான செட்களைச் செய்யுங்கள். மார்பு உயர்ந்திருக்கும்போது பார் கம்பியைத் தொடாமலும், மார்பைத் தளர்த்தியதும் கம்பியிலேயே தங்கும்படியும் உயரத்தை அமைக்க வேண்டும். வெறும் பாரைக் கொண்டு அதை ஒருமுறை சோதித்துப் பார்த்த பிறகே பிளேட் ஏற்றுங்கள்.

எடையைக் கூட்டும் விதம்

வழக்கமான ஒலிம்பிக் பார் 20 கிலோ எடையுள்ளது. அதிலிருந்தே தொடங்குங்கள். வாரத்தில் இரண்டு நாள், ஐந்து ரெப் (ஒருமுறை இறக்கித் தள்ளுவது ஒரு ரெப்) கொண்ட மூன்று செட், செட்களுக்கு இடையே மூன்று முதல் ஐந்து நிமிட ஓய்வு. மூன்று செட்டும் சுத்தமாக முடிந்தால் அடுத்த முறை 2.5 கிலோ கூட்டுங்கள். 60 கிலோ தூக்கப்போகும் நாளில் வெறும் பாரில் பத்து ரெப், 40 கிலோவில் ஐந்து, 50 கிலோவில் மூன்று, 55 கிலோவில் ஒன்று என்று வார்ம் அப் செய்தால் போதும். ஓய்வைச் சுருக்காதீர்கள். ஒரு நிமிடத்தில் அடுத்த செட்டுக்குப் போய், நான்காவது ரெப்பில் நின்றுபோய், அதைத் தேக்கம் என்று எண்ணிக்கொள்பவர்கள் பலர்.

தேக்கம் வந்தால்

ஒரே எடையில் தொடர்ந்து மூன்று பயிற்சி நாட்கள் தோற்றால்தான் அது தேக்கம். ஒரு நாள் தோற்பது தூக்கக் குறைவாலும் இருக்கலாம், உணவுக் குறைவாலும் இருக்கலாம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம், அதாவது 70 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 112 கிராம், கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். எடை குறைக்கும் நோக்கத்தோடு குறைவாகச் சாப்பிடும் காலத்தில் பெஞ்ச் பிரஸ் ஏறவில்லை என்றால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இவை சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால், கைபேசியைப் பக்கவாட்டில், பெஞ்சின் உயரத்தில் வைத்துக் கடைசி செட்டைப் படமெடுங்கள். பார் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதே அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லும். மார்பைவிட்டு எழும்பவே மறுத்தால், நீங்கள் பாரை மார்பில் மோதித் துள்ளவைத்துப் பழகியிருக்கலாம், அல்லது கீழே வரும்போது உடலின் இறுக்கத்தைத் தளர்த்தியிருக்கலாம். இதற்கு, பாரை மார்பில் தொட்டபடி முழுதாக இரண்டு நொடிகள் நிறுத்திப் பிறகு தள்ளும் பயிற்சி மிக நல்லது. நான்கு விரல் உயரத்திலிருந்து பாதி உயரத்துக்குள் நின்றால், பெரும்பாலும் பாரின் பாதை முன்னோக்கி விலகியிருக்கும், அல்லது எனக்கு நேர்ந்ததுபோலத் தோள்கள் உருண்டிருக்கும். இங்கே எடையைக் குறைத்துத் தூக்கும் முறையைச் சரிசெய்வதுதான் மருந்து. கை நீளும் கடைசிக் கட்டத்தில் நின்றால் பின்கைத் தசை (மேல்கையின் பின்புறத் தசை) பின்தங்கியிருக்கிறது. கைகளைத் தோள் அகலத்துக்கு நெருக்கிப் பிடித்துச் செய்யும் பிரஸ் அதற்கு உதவும். தொடக்க நிலையில் இந்த மூன்றாவது வகையை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன், ஆயினும் பலர் முதலில் ஓடிப்போய்ச் செய்வது பின்கைப் பயிற்சியைத்தான்.

காரணம் தெரிந்த பிறகு எடையில் ஏறக்குறைய பத்து சதவீதத்தைக் குறையுங்கள். 60 கிலோவில் நின்றவர் 55 கிலோவுக்கு இறங்கி, முதல் பயிற்சி நாளில் 55, அடுத்தடுத்து 57.5, 60 என்று திரும்ப ஏறலாம். மனத்துக்கு இது கசப்பான முடிவு. ஆனாலும் அந்த இலகுவான நாட்களில்தான் சேர்ந்திருந்த களைப்பு இறங்குகிறது, திருத்திய முறையும் உடலில் பதிகிறது. வாரத்தின் இரண்டு நாட்களையும் ஒரேபோலக் கனமாக வைத்திருந்தவர்கள், இனி இரண்டாவது நாளில் கன நாளின் எடையில் 80 சதவீதத்தை மட்டும் எடுத்து, நிறுத்தித் தள்ளும் முறையில் மூன்று ரெப் கொண்ட ஐந்து செட் செய்யலாம்; 60 கிலோவுக்கு அது 47.5 கிலோ அளவில் வரும். அதோடு பாரை வயிற்றை நோக்கி இழுக்கும் ரோ பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேல் முதுகு வலுவாக இருந்தால்தான் தோள்பட்டை எலும்புகள் இழுத்த இடத்தில் நிற்கும்.

இன்னொன்று எளிய கணக்கு. பாரைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழும் ஸ்குவாட் பயிற்சியில் 100 கிலோ தூக்குபவருக்கு 2.5 கிலோ என்பது இரண்டரை சதவீத ஏற்றம். 60 கிலோ பெஞ்ச் செய்பவருக்கு அதே 2.5 கிலோ நான்கு சதவீதத்துக்கும் மேல். கால் தசைகளைவிடச் சிறிய தசைகளிடம் அதிகமாகக் கேட்கிறோம். ஆகவே 60 கிலோவைத் தாண்டும் கட்டத்தில் அரை கிலோ பிளேட் நான்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு ஒன்றாக ஏற்றினால் 61 கிலோ. அடுத்த வாரம் 62.

ஒரே ஒரு ரெப்பில் அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடியும் என்று வாராவாரம் சோதிப்பது முன்னேற்றத்தைக் கெடுக்கும் பழக்கம். அதற்குப் பதிலாக, தூக்கிய எடையை ரெப் எண்ணிக்கையால் பெருக்கி, 30ஆல் வகுத்து, வரும் விடையைத் தூக்கிய எடையோடு கூட்டுங்கள். 60 கிலோவை ஐந்து முறை தூக்கினால் விடை 70 கிலோ என வரும். பத்து ரெப்புக்கு உட்பட்ட செட்களுக்கு இது நல்ல மதிப்பீடு. இந்த எண்ணை ஒவ்வொரு கன நாளின் முடிவிலும், பார் நின்ற உயரத்தோடு சேர்த்து நோட்டில் எழுதி வாருங்கள்; உண்மையான அதிகபட்சச் சோதனையை இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு நாளில், பின்னால் ஸ்பாட்டர் நிற்கும்போது மட்டும் செய்துகொள்ளலாம்.